சீனன்குடாவும் பாணும்

கோதுமை விளையாத நாடொன்றிலே பாண் அன்றாட உணவாயினமை வரலாற்று மாணவர் ஆராயத்தக்கதொரு விடயமாகும். திருகோணமலைத் துறைமுகத்தின் உட்புறத்தே, சீனன்குடாவில், இலங்கையின் மிகப் பெரிய கோதுமை மா ஆலை நிற்கின்றது. எனினும் அவ்வாலை தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே இத்தீவிற் போறணைகள் எரியத் தொடங்கிவிட்டன.

பாண் என்னுஞ் சொல் போர்த்துக்கேயரிடமிருந்து வந்தது; விசுக்கோத்தும் அவ்வாறே. போறணை என்பதையும் அவர்தம் அடுப்புப் பெயரின் திரிபென்று கொள்வாருளர். 1620களிற் கோணேசர் ஆலயத்தை இடித்து, அக்கற்களாற் கோட்டை கட்டியவர்களும் அவர்களே. அவர்தஞ் சொல்லை இவ்வூரார் விடிந்ததும் விடியாததுமாக உச்சரிக்க நேர்ந்தமை வரலாற்றின் கசப்பான வேடிக்கை. (வெதுப்பகம் என்னும் நல்ல தமிழ்ச் சொல் பிற்காலத்தில் எழுந்தபோதும், வீட்டு வழக்கிற் பேக்கரியே நிலைத்தது.) 1639இல் ஒல்லாந்தரும், 1795இல் ஆங்கிலேயரும் இத்துறையைக் கைப்பற்றினர். ஆங்கிலக் கடற்படை 1957 வரை இங்கு தங்கியது. கடலிற் செல்லும் மாலுமிக்குக் கல்போன்ற விசுக்கோத்து. கப்பல் துறையடைந்தால் மென்மையான புதுப்பாண். ஆகவே துறைமுகத்துக்குப் போறணை இன்றியமையாததாயிற்று.

அந்நியர் உணவை இந்நாட்டு உணவாக்கியது கள் எனலாம். ஈஸ்ற் பொதிகளில் வராத காலத்தே மாவைப் பொங்கச் செய்தற்குக் கள்ளையே சேர்த்தனர். பாளையினின்று வடிந்தவுடனே காற்றிலுள்ள நுண்ணுயிர்களாற் கள் நுரைக்கத் தொடங்கும். அப்பத்துக்கு உதவிய அந்நுரையே பாணுக்கும் உதவிற்று. ஆனால் அது அவசரத்துக்கு இணங்காது. மாலையிற் குழைத்த மா இரவு முழுவதும் பொங்கவேண்டும். செங்கல்லாற் கவித்துக் கட்டிய போறணையின் உள்ளேயே விறகை எரிப்பர். கல் முழுதுஞ் சூடேறியபின் தணலை வெளியே இழுத்து, ஈரச் சாக்கினால் தளத்தைத் துடைத்து, நீண்ட பிடியுள்ள பலகையால் மாவை உள்ளே தள்ளி வாயை அடைப்பர். கல் விழுங்கிய சூடே பாணை வேகவைக்கும். பாண் இறங்கியபின் எஞ்சிய சூட்டிற் பணிசு வேகும். இன்று ஈஸ்றை மிகுதியாக இட்டு ஓரிரு மணி நேரத்திற் பொங்கவைப்போர் பலர். அப்பாண் பார்வைக்குப் பெருத்திருக்கும். மறுநாட் காலை உதிர்ந்துபோகும். இரவெல்லாம் புளித்த பாணுக்கு மணமும் உண்டு, உறுதியும் உண்டு.

பாணின் நேர்மை நிறையிலும் அடங்கியுள்ளது. இங்கிலாந்தில் 1266ஆம் ஆண்டுச் சட்டம் பாணின் விலையை நிலையாக வைத்து, தானிய விலைக்கேற்ப நிறையை மாற்றிற்று. நிறை குறைத்தோர் தண்டிக்கப்பட்டனர். இலங்கையிலோ நிறை நிலையானது, விலை மாறுவது. அரபு மொழியிலிருந்து வந்த றாத்தல் என்னும் அளவே 450 கிராமாகி இன்றும் நிற்கின்றது. வேகும்போது நீர் ஆவியாகிப் பத்திலொரு பங்கு நிறை குறையுமெனின், 450 கிராம் பாணுக்கு 500 கிராம் குழைத்த மா வேண்டும். அந்த 50 கிராமிற் கைவைப்பது எளிது. வாங்குபவர் கண்ணுக்கு அது தெரியாது. 2024 பெப்ரவரியில் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை முழுப் பாணுக்கு 450 கிராமும் அரைப் பாணுக்கு 225 கிராமும் விதித்து, முழுப் பாணில் 13.5 கிராமுக்கு மேற் குறைதலாகாது என வரையறுத்தது.

1970களின் முற்பகுதியில் மாத்தட்டுப்பாட்டால் மக்கள் பாணுக்கு வரிசையில் நின்றனர். சிங்கப்பூர்ப் பிறிமா நிறுவனத்துடன் 1977இல் உடன்படிக்கை ஏற்பட்டு, 1980இற் சீனன்குடா ஆலை இயங்கத் தொடங்கிற்று. ஆழமான இத்துறையிற் பெருங்கப்பல்கள் கோதுமையை ஆலையருகே இறக்கின. அதன்பின் நீண்டகாலம் பெரிய பேக்கரிக்கும் சிறிய பேக்கரிக்கும் ஒரே ஆலையின் மாவே வந்தது. மா ஒன்றாகவே, ஒரு பேக்கரியை மற்றொன்றினின்று வேறுபடுத்தியவை, பொங்கவிட்ட நேரமும் தராசுமே. சிற்றூர்ப் பேக்கரிக்காரரோ வாங்குபவரை மறுநாளும் முகங்கொண்டு பார்க்கவேண்டியவர்.

2022இல் எரிவாயு அருகியபோது நாடெங்கும் பல பேக்கரிகள் மூடிக்கிடந்தன. பழமையென்று கைவிடப்பட்ட செங்கற் போறணைக்கோ விறகே போதுமானதாயிருந்தது.