வேப்பம்பட்டிலிருந்து ஒருநாளில் அருவி: தலக்கோனா எங்கே இருக்கு? போனில் எப்படி படம் எடுப்பது? எங்கே உஷாராக இருக்கணும்?

மழை ஆரம்பித்துவிட்டால் திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி பக்கத்து இளைஞர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் வரும் முதல் கேள்வி, "இந்த ஞாயிறு எந்த அருவி?" என்பதுதான். குற்றாலம் தூரம். ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் மலைகள் கிட்டத்தில். தடா அருவி என்று நாம் சொல்லும் உப்பலமடுகு, நாகலாபுரம் மலை ஓடைகள், இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் தலக்கோனா. இவற்றில் பெரியது தலக்கோனாதான். சுமார் 270 அடி உயரம்.

தலக்கோனா எங்கே இருக்கிறது?

சேஷாசலம் மலையில், ஸ்ரீ வெங்கடேஸ்வரா தேசியப் பூங்காவுக்குள். 1989-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட காடு இது. 2010-ல் சேஷாசலம் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. வேப்பம்பட்டில் புறநகர் ரயில் ஏறி திருவள்ளூர் அல்லது அரக்கோணத்தில் மாறி திருப்பதி போகலாம். அங்கிருந்து பாக்கராப்பேட்டை வழியாக சாலைப் பயணம். அருவிக்குக் கீழே சித்தேஸ்வர சுவாமி கோயில் இருக்கிறது. அதன் பிறகு நடைதான்.

அந்தப் பாறை ஏன் செங்குத்தாக நிற்கிறது?

படம் எடுக்கப் போறவங்க இதைத் தெரிஞ்சுக்கிட்டா நல்லது. இந்த மலையின் மேல்பகுதி ஒரு காலத்தில் நீரடியில் படிந்த மணல். மணல் மணற்பாறையானது, மணற்பாறை இறுகி குவார்ட்சைட் ஆனது. அது எளிதில் கரையாது. விரிசல் விட்டு, கட்டி கட்டியாக உடைந்து விழும். அதனால்தான் சுவர் மாதிரி நிற்கும் பாறை, அடியில் குவிந்து கிடக்கும் பெரிய கற்கள். மழைநீர் விரிசல்களில் இறங்கி மெதுவாகக் கசிந்து வருவதால், மழை நின்ற பிறகும் தண்ணீர் கொஞ்ச நாள் வரும்.

திருமலை மலைப்பாதையில் இதன் அடித்தளத்தையே பார்க்கலாம். கீழே கிரானைட், மேலே குவார்ட்சைட். இரண்டுக்கும் இடையே சுமார் 80 கோடி ஆண்டு இடைவெளி! இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இதை தேசிய புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது. தினமும் ஆயிரக்கணக்கான பேர் பஸ்ஸில் தாண்டிப் போகிறோம், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

போனில் அருவி பட்டுத்துணி மாதிரி வர என்ன செய்யணும்?

ஷட்டர் நீண்ட நேரம் திறந்திருக்கணும், அவ்வளவுதான். அந்த நேரத்தில் தண்ணீர் நகர்கிறது, பாறை நகர்வதில்லை. ஆண்ட்ராய்டு போனில் 'ப்ரோ' மோடு இருந்தால் ஐஎஸ்ஓ-வை 50 அல்லது 100-ல் வைத்து, ஷட்டரை கால் நொடி முதல் அரை நொடி வரை வையுங்கள். ஐபோனில் லைவ் போட்டோ எடுத்துவிட்டு, பிறகு அதை 'லாங் எக்ஸ்போஷர்' ஆக மாற்றலாம். கை ஆடினால் எல்லாம் வீண். சின்ன ட்ரைபாட் போதும். இல்லையென்றால் கல் மேல் போனைச் சாய்த்து, டைமர் போடுங்கள்.

உச்சி வெயிலில் எடுக்காதீர்கள். வெள்ளைத் தண்ணீர் வெறும் வெளுப்பாகத்தான் வரும். காலை நேரமோ மேகமூட்டமோ நல்லது. திரையில் தண்ணீரைத் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கள். லென்ஸில் சாரல் படியும், காய்ந்த துணி ஒன்று பாக்கெட்டில் இருக்கட்டும். உயரம் தெரியணும் என்றால் ஒரு ஆளை தூரத்தில், பாதுகாப்பான இடத்தில் நிற்க வையுங்கள்.

எங்கே ஆபத்து?

இந்த மலைகளில் இளைஞர்கள் மூழ்கி இறந்த செய்தி நமக்குப் புதிதல்ல. அருவி விழும் குட்டையில் நீருக்கடியில் பாறை விளிம்புகள் இருக்கும், மேலிருந்து தெரியாது. குதிக்கும் ரீல்ஸ் வேண்டவே வேண்டாம். தெளிவான தண்ணீர் திடீரென கலங்கி, சருகும் குச்சியும் வந்தால் மேலே மழை பெய்கிறது என்று அர்த்தம். போட்டோ பாதியில் இருந்தாலும் கரையேறுங்கள். 2021 நவம்பரில் பெய்த மழையில் திருமலை மலைப்பாதையே சேதமானது. நாகலாபுரம் பக்கத்து மலைநீர்தான் ஆரணி ஆறாக பிச்சாட்டூர் அணை, ஊத்துக்கோட்டை வழியாக நம்ம மாவட்டத்துக்கு வருகிறது. அணை திறப்பு எச்சரிக்கை வந்த நாளில் அந்த மலைக்குக் கிளம்பாதீர்கள்.

இன்னொரு விஷயம், பாதை. சேஷாசலம் செம்மரக் காடு. 2015 ஏப்ரல் 7-ல் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 தொழிலாளர்கள் இந்தக் காட்டில் ஆந்திர போலீஸாரால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கடத்தலுக்கு எதிரான கண்காணிப்பு இன்றும் உண்டு. வனத்துறை அனுமதித்த பாதையை விட்டு, அதுவும் இருட்டின பிறகு, "யாரும் போகாத அருவி" தேடிப் போவது சாகசமல்ல. டிக்கெட் வாங்குங்கள், கேமராவுக்குத் தனிக் கட்டணம் உண்டா என்று கேளுங்கள், அனுமதியில்லாமல் ட்ரோன் பறக்கவிடாதீர்கள். மழைக்காலத்தில் அருவிகளை மூடுவதும் உண்டு, அதிலும் தடா பக்கம் அடிக்கடி. கிளம்பும் முன் விசாரித்துவிட்டால் செக்போஸ்ட்டில் திரும்ப வேண்டியிருக்காது.