கொம்பு இடம் மாறிய கதை

போன வாரம் பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு சிடி உறை கிடைத்தது. 'உபுண்டு 6.06' என்று அச்சிட்டிருந்தது. 2006-ல் விண்ணப்பித்து, தபாலில் இலவசமாக வந்த சிடி. தபால் செலவுகூட நம்முடையதல்ல. அந்த நாட்களில் லினக்ஸ் பக்கம் எட்டிப் பார்த்தவர்களுக்கு இந்த உறை நினைவிருக்கும். அதைக் கையில் எடுத்ததும், ஒரு பிரவுசரால் எங்கள் வீட்டில் வந்த வம்பும் நினைவுக்கு வந்தது.

பணி ஓய்வுக்குப் பிறகு நான் வாங்கிய செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர் அது. நினைவகம் வெறும் 256 எம்பி. அதில் இந்த உபுண்டுவைப் போட்டிருந்தேன். கல்யாணமாகி வெளியூர் போயிருந்த மகள் வாரம் ஒரு மின்னஞ்சல் அனுப்புவாள். அம்மாவுக்காகத் தமிழிலேயே எழுதுவாள். என் மனைவிக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும். ஞாயிற்றுக்கிழமை காலையில் காபி டம்ளருடன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவாள்.

அவள் படித்தது ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரில். அதன் பூர்வீகம் நெட்ஸ்கேப். 1998-ல் நெட்ஸ்கேப் தன் மூல நிரலை உலகத்துக்கே திறந்துவிட, அதிலிருந்து மோசில்லா திட்டம் பிறந்தது. 2004 நவம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் 1.0 வந்தது. அடுத்த ஆண்டு 1.5. என் சிடியில் இருந்தது இந்த 1.5-தான். 2006 அக்டோபரில் 2.0 வந்துவிட்டது. ஆனால் உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகளில் அன்றைய வழக்கம் வேறு. எந்தப் பதிப்போடு வெளியானதோ அதையே வைத்துக்கொண்டு, பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் அவர்களே அதில் சேர்த்துத் தருவார்கள்.

எனக்கு இது அப்போது தெரியாது. 2007-ல் மோசில்லா 1.5-க்கான ஆதரவை நிறுத்தியது என்று படித்ததும் பதறிவிட்டேன். பேங்க் கணக்கு பார்க்கும் கம்ப்யூட்டர் ஆயிற்றே! 2.0-வின் பொதியை நேரடியாக இறக்கினேன். டயல்-அப் இணைப்பில் ஒரு மத்தியானம் முழுக்கப் போயிற்று. 'ஆப்ட்' என்ற அடைவில் மூட்டையை அவிழ்த்து, மேசைத்திரையில் இருந்த படத்தைப் புதியதற்கு மாற்றிவிட்டு, பெரிய சாதனை செய்தவன்போல் தூங்கப் போனேன்.

ஞாயிறு காலை மனைவியின் குரல்.

"என்னங்க, இவ எழுத்து ஏன் இப்படிச் சிதறிக் கெடக்கு? பொண்ணுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

ஓடிப்போய்ப் பார்த்தேன். எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பெல்லாம் பின்னால் போய் நின்றது. அவளால் ஒரு வரிகூடத் தொடர்ந்து படிக்க முடியவில்லை. மகளுக்கு ஒன்றுமில்லை, கோளாறு நான் செய்த வேலையில்தான் என்று சொல்லியும் அவள் சமாதானமாகவில்லை. எஸ்டிடி போட்டு மகளின் குரலைக் கேட்ட பிறகுதான் காபியைக் குடித்தாள்.

ஏன் இப்படி ஆயிற்று? நான் ஆபீசில் தமிழ் டைப்ரைட்டர் தட்டியவன். அதில் 'கெ' வேண்டுமென்றால் முதலில் கொம்பு, பிறகு 'க'. கண்ணுக்குத் தெரிகிற வரிசையில்தான் கையும் அடிக்கும். யூனிகோட் அப்படியல்ல. ஒலிக்கும் வரிசையில் முதலில் 'க', பிறகு 'எ'கரக் குறி என்று சேமித்து வைக்கும். திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் கொண்டுவந்து நிறுத்த ஒரு ஆள் வேண்டும். லினக்ஸில் அந்த வேலையைச் செய்வது பாங்கோ என்ற மென்பொருள். 'பான்' என்றால் கிரேக்கத்தில் 'எல்லாம்', 'கோ' என்றால் ஜப்பானியத்தில் 'மொழி'. எல்லா மொழிக்குமானது என்று பொருள்.

மோசில்லா நேரடியாகத் தந்த 2.0 பொதி பாங்கோவைச் சேர்க்காமல் தொகுக்கப்பட்டது. பாங்கோ வேண்டுமென்றால் அதைச் சேர்த்துத் தொகுத்த லினக்ஸ் வகையின் பொதியை எடுக்க வேண்டும். குறிப்புகளைப் படிக்காமல் அவசரப்பட்டது என் தப்பு.

பக்கத்துத் தெருக் கல்லூரி மாணவன் ஒருவன் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தான். "சார், பழசு எங்கேயும் போகல. நீங்க படத்தைத்தான் மாத்தியிருக்கீங்க." பழைய 1.5 இருந்த இடத்திலேயே பத்திரமாக இருந்தது. உபுண்டு அதற்குத் திருத்தங்களும் அனுப்பிக்கொண்டுதான் இருந்தது. அன்று முதல் திரையில் இரண்டு படங்கள். ஒன்று எனக்கு, ஒன்று அவளுக்கு. ஏறக்குறைய ஒரு வருஷம் இப்படியே ஓடியது.

2008 ஜூன் 17-ல் ஃபயர்ஃபாக்ஸ் 3 வந்தது. 24 மணி நேரத்தில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவிறக்கங்கள், கின்னஸ் சாதனை. ஊரெல்லாம் வேகத்தைப் பற்றிப் பேசியது. எனக்குச் சந்தோஷம் வேறொன்றில்: இதில் பாங்கோ கட்டாயம் உண்டு. அடித்துப்பிடித்து இறக்கினேன். அது திறக்கவே மறுத்தது!

காரணம் ஜிடிகே. ஜன்னல், பொத்தான் எல்லாம் வரைந்து தருகிற பொது நூலகம் அது. ஃபயர்ஃபாக்ஸ் 3 கேட்டது ஜிடிகே 2.10. என் உபுண்டுவில் இருந்ததோ 2.8. நிலை பழசாக இருக்கும்போது புதுக் கதவு மட்டும் வாங்கினால் எப்படிப் பொருந்தும்? ஜிடிகேயை மட்டும் மாற்றலாம் என்றால், அதே நிலையில் வேறு பல கதவுகளும் தொங்குகின்றன. கையை வைத்தால் எல்லாம் ஆடும்.

கடைசியில் உபுண்டு 8.04 சிடிக்கு எழுதிப்போட்டுச் சில வாரம் காத்திருந்தேன். இன்னொரு 256 எம்பி வாங்கிச் செருகினேன். அந்த 8.04, ஃபயர்ஃபாக்ஸ் 3-இன் சோதனைப் பதிப்போடு வெளியாகியிருந்தது. இணைப்பைக் கொடுத்ததும் முழுப் பதிப்பாகிவிட்டது. ஞாயிறு காலை மனைவி கடிதத்தைக் கடைசிவரை படித்துவிட்டு, "இப்ப சரியா இருக்கு" என்றாள். இரண்டாவது படத்தை அன்றே எடுத்துவிட்டேன்.

பிறகு காலம் ஓடிவிட்டது. 2011 முதல் ஃபயர்ஃபாக்ஸ் சில வாரங்களுக்கு ஒரு பதிப்பு என்று வரத் தொடங்கியது. பழைய வழக்கத்தை உபுண்டுவும் விட்டுவிட்டு, ஆதரவில் இருக்கிற வெளியீடுகளுக்கெல்லாம் புதுப் பதிப்பையே தருகிறது. 2025-ல் வந்த 145-ஆம் பதிப்போடு 32 பிட் லினக்ஸுக்கான ஃபயர்ஃபாக்ஸும் நின்றுவிட்டது. என் பழைய பெட்டி 32 பிட்தான். இனி அதற்குப் புதுக் கதவு கிடையாது.

பழைய கம்ப்யூட்டர் வைத்திருக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. புதுப் பிரவுசரைத் தனி அடைவில் போடுங்கள், பழையதை உடனே அழிக்காதீர்கள். எண் பெரிதா என்று பார்ப்பதோடு நிற்காமல், அதில் ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அதைவிட முக்கியம், வீட்டில் அதை யார் படிக்கிறார்களோ அவர்களைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

சிடி உறையை மனைவியிடம் காட்டினேன். "தூக்கிப் போட்டுடாதீங்க" என்று வாங்கி, மகளின் பழைய கடிதக் கட்டோடு வைத்துவிட்டாள்.