அளவுகோலுக்குள் வராத நஞ்சு

ஹைதராபாத்தை அடுத்த ராமச்சந்திராபுரத்தின் தொழில் வரலாற்றை 1960களில் வந்த பெல் தொழிற்சாலையிலிருந்து தொடங்குவது வழக்கம். அந்த வட்டாரத்துத் தண்ணீரின் வரலாறு வேறு. அதற்கு மும்பை நெடுஞ்சாலையில் சற்று மேற்கே, படான்செருவுக்குப் போக வேண்டும். பாலாநகரில் சோவியத் உதவியோடு எழுந்த ஐடிபிஎல் என்ற அரசு மருந்து ஆலை, மருந்து வேதியியல் தெரிந்த ஒரு தலைமுறையை உருவாக்கியது. 1970 காப்புரிமைச் சட்டம் மருந்துகளில் பொருளுக்கு அல்ல, செய்முறைக்கே காப்புரிமை என்றது. இரண்டும் சேர, படான்செருவிலும் பொல்லாரத்திலும் மருந்து மூலப்பொருள் ஆலைகள் பெருகின. உலகுக்கு மலிவு மருந்து கிடைத்தது. அங்கே ஓடும் நக்கவாகு ஓடை கெட்டது. 1990இல் இந்த மாசு குறித்த வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அந்தப் பத்தாண்டிலேயே பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையமும் வந்தது.

அந்த நிலையம் வேலை செய்யவில்லை என்பதல்ல என் குற்றச்சாட்டு. அதனிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதையே நாம் தவறாக முடிவு செய்தோம். உயிர்வளித் தேவை, உப்பு, நிறம் ஆகியவற்றை அளந்தோம்; மருந்தை அளக்கவில்லை. சுமார் 90 ஆலைகளின் கழிவைச் சுத்திகரித்து வெளியேற்றிய நீரை யோவாகிம் லார்சனின் சுவீடன் குழு சோதித்து, 2007இல் முடிவை வெளியிட்டது: லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆண்டிபயாடிக். மாத்திரை விழுங்கிய நோயாளியின் ரத்தத்தில்கூட அவ்வளவு இருக்காது. 2009இல் வந்த இன்னோர் ஆய்வில், அந்நீரை 500 மடங்கு நீர்க்கச் செய்து தலைப்பிரட்டைகளை அதில் விட்டார்கள். அவற்றின் வளர்ச்சி 40 சதவீதம் குறைந்தது.

அவை ஆய்வகத்தில் வளர்ந்த ஆப்பிரிக்கத் தவளையின் குஞ்சுகள், நக்கவாகுவில் பிறந்தவை அல்ல என்பார்கள். சரிதான், ஆனால் ஓடைத் தவளைக்கு 500 மடங்கு நல்ல தண்ணீர் ஊற்றித் தர யாருமில்லை. கெடுத்தது மருந்தா, கரைப்பானா, உப்பா என்று பிரித்துச் சொல்ல முடியாது என்பது இதைவிடக் கனமான மறுப்பு. அதையும் ஏற்கிறேன். எந்த வேதிப்பொருள் என்பது ஆலைக்காரருக்கு வேண்டிய கேள்வி. தலைப்பிரட்டை வாழ்வது மொத்தக் கலவையில். பிறகு குழாய் போட்டு அந்நீரை ஆம்பர்பேட்டைக்குக் கொண்டுபோனார்களே என்றால், சாக்கடை நீரோடு கலந்து அது சேரும் இடம் மூசி ஆறு. சுமை இடம் மாறியது, அவ்வளவே.

மருந்தையே அளக்கும் வாய்ப்பு ஒருமுறை வந்தது. ஆலைக் கழிவில் ஆண்டிபயாடிக்குகளுக்கு வரம்பு விதிக்கும் வரைவை 2020 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்டது. 2021 ஆகஸ்டில் வந்த இறுதி விதியில் அந்த வரம்புகள் இல்லை.