மாறுவேட நாயகனும் மலையக மக்களும்

மேனாட்டுப் புனைகதை வரலாற்றில், புரட்சியொன்றைப் பின்னணியாகக் கொண்டெழுந்த வீரசாகசக் காதல் நாவல்கள் தனியொரு வகையினவாகும். மாறுவேடம், இரகசியச் செய்தி, எல்லை கடத்தல், இறுதிக் கணத்தில் மீட்பு, இவற்றோடு பின்னிப் பிணைந்த காதல் என்பன அவற்றின் பொதுக்கூறுகள். இவற்றைப் பொழுதுபோக்கு எழுத்தெனத் தள்ளிவிடுதல் எளிது. ஆயின், ஒரு சமுதாயக் கொந்தளிப்பிலே நாயகன் யார், கூட்டம் யார், யாரை யார் மீட்கின்றார் என்னும் வினாக்களுக்கு இந்நாவல்கள் தரும் விடைகள் வர்க்கச் சார்புடையவை. அவ்விடைகளை இலங்கையின் மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களின் வரலாற்றோடு ஒப்புநோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அவ்வொப்பு நோக்குக்கு வாயிலாக அமைபவர், ஹற்றனைத் தளமாகக் கொண்டு தொழிற்சங்கம் வளர்த்த கோ. நடேசய்யர் ஆவார்.

இவ்வகையின் மிகப் புகழ்பெற்ற நாவல் எம்மா ஓர்ட்ஸி சீமாட்டியின் 'ஸ்கார்லெட் பிம்பர்னல்' ஆகும். 1903-இல் நாடகமாக மேடையேறிய இக்கதை 1905-இல் நாவலாக வெளிவந்தது. கதை நிகழும் காலம் 1792. உடையலங்காரத்திலன்றி வேறெதிலும் நாட்டமற்ற அசட்டுச் செல்வனாக உலகுக்குத் தோற்றும் ஆங்கிலப் பிரபு சேர் பேர்சி பிளேக்னி, மாறுவேடம் பூண்டு பாரிஸ் நகரினுட் புகுந்து, கில்லட்டினுக்கு இரையாகவிருந்த பிரபுக்களை மீட்டுக் கடல்கடத்துகின்றான். செந்நிறச் சிறுபூவொன்றே அவனது அடையாளம். அவன் யாரென்பதை அவன் மனைவிகூட அறியாள். பாரிஸ் மக்களோ இந்நாவலிற் குருதி வெறிகொண்ட கும்பலாக மட்டுமே காட்டப்படுகின்றனர். அவர்களது பசிக்கு நாவலில் வரலாறு இல்லை.

இப்பார்வையின் வேர் ஆசிரியரின் வாழ்விலேயே உள்ளது. ஓர்ட்ஸி 1865-இல் ஹங்கேரியில் நிலவுடைமைப் பிரபு குடும்பமொன்றிற் பிறந்தவர். அவரது குழந்தைப் பருவத்தில், தந்தை கொணர்ந்த புதிய இயந்திரங்கள் தம் பிழைப்பைப் பறித்துவிடும் என அஞ்சிய குடியானவர்கள் பண்ணைக்குத் தீயிட்டனர். குடும்பம் அவ்விடத்தை விட்டு நீங்கியது. நிலக்கிழாரின் மாளிகையிலிருந்து நோக்கிய அந்தத் தீயே பின்னர் பிரெஞ்சுப் புரட்சியாக நாவலில் எரிந்தது எனலாம். மக்கள் பக்கம் சாய்ந்து எழுதியோரும் இவ்வடிவத்தின் பிடியிலிருந்து முற்றாக விடுபட்டாரல்லர். ரஃபேல் சபட்டினியின் 'ஸ்கராமூஷ்' (1921) நாயகன் பிரபுத்துவக் கொடுமைக்கு எதிராகப் பேசி, நாடோடி நடிகர் குழுவில் ஒளிந்து வாழ்கின்றான். ஈற்றில் அவனும் பிரபு ஒருவரின் மகனே என வெளிப்படுகின்றது. நாயகத் தன்மை மீண்டும் குலத்துக்கே உரித்தாகிறது.

தஞ்சைப் பகுதியிற் பிறந்த நடேசய்யர் (1887–1947) 1920-களில் வெளியிட்ட நூல்களுள் ஒன்று 'மூலையில் குந்திய முதியோன் அல்லது துப்பறியும் திறன்' என்பதாகும். ஓர்ட்ஸி எழுதிய துப்பறியும் கதைத்தொகுதி ஒன்றில், லண்டன் தேநீர்க் கடையின் மூலையில் அமர்ந்தவாறே குற்றங்களின் முடிச்சவிழ்க்கும் முதியவர் ஒருவர் வருகின்றார். நடேசய்யரின் நூற்பெயர் அத்தொகுதியின் பெயருக்கு நேரான தமிழாக்கமாகவே அமைந்துள்ளது. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் முதலியோர் ஆங்கிலச் சாகசக் கதைகளைத் தழுவித் தமிழில் எழுதிக் குவித்த காலம் அது. தோட்டத் தொழிலாளரின் முன்னோடித் தலைவர் அந்த வாசிப்புலகுக்கு அந்நியரல்லர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

நடேசய்யரின் சொந்த வாழ்வே சாகச நாவலொன்றின் அத்தியாயம்போலத் தொடங்குகின்றது. அக்காலத்திலே தோட்டம் என்பது மூடிய எல்லை. துரையின் அனுமதியின்றி உள்ளே செல்வோர்மீது அத்துமீறிப் பிரவேசித்த குற்றம் சுமத்தப்படலாம். கங்காணியின் கண்ணுக்குத் தப்பி லயத்து வாசலை அடைதலும் அரிது. எனவே, 1915-ஆம் ஆண்டளவில் இலங்கைக்கு வந்த நடேசய்யர், புடைவை வியாபாரியாக வேடம் பூண்டு தோட்டங்களுட் சென்று தொழிலாளரின் நிலையை நேரிற் கண்டறிந்தார். பிளேக்னியும் மாறுவேடத்தில் எல்லை கடந்தவனே. ஆனால் அவன் ஆளும் வர்க்கத்தினரை வெளியே கொணரச் சென்றான். நடேசய்யரோ ஆளப்பட்டோரைப் பற்றிய உண்மையை வெளியே கொணரச் சென்றார். கருவி ஒன்று, அது பயன்பட்ட திசை நேர்மாறானது.

அடுத்த வேறுபாடு மேலும் முக்கியமானது. பிளேக்னியின் வெற்றி அவன் என்றும் மறைந்திருப்பதிலேயே தங்கியுள்ளது. நடேசய்யர் வேடத்தைக் களைந்து பகிரங்கத்துக்கு வந்தார். 'தேசநேசன்', 'தேசபக்தன்' ஆகிய பத்திரிகைகளை நடத்தினார். 1931-இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். 1936-இல் ஹற்றன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். காதற் கூறும் இங்கு வேறுருக் கொள்கின்றது. நாவலிலே கணவனின் இரகசியத்தை அறியாது மனைவி தவிக்கின்றாள். இங்கோ மீனாட்சியம்மாள் கணவரோடு மேடையேறி, தொழிலாளருக்குப் பழக்கமான மெட்டுக்களிற் பாடல் இயற்றிப் பாடினார். போராட்டம் தம்பதியரைப் பிரிக்கும் இரகசியமாகவன்றி, இருவரும் பகிர்ந்த தொழிலாக இருந்தது.

ஏனைய சாகசக் கூறுகளுக்கும் மலைநாட்டு வரலாற்றிற் பஞ்சமில்லை. மடுல்கலைப் பகுதித் தோட்டமொன்றில் நிர்வாகம் பழக வந்த அவுஸ்திரேலிய இளைஞர் மார்க் பிரேஸ்கேடில், தொழிலாளர் பக்கம் நின்றமையால் வேலை நீக்கப்பட்டார். 1937 ஏப்ரல் 3-இல் நாவலப்பிட்டிக் கூட்டத்தில் துரைமாரின் சுரண்டலைச் சாடினார். தேசாதிபதி ஸ்ரப்ஸ் நாடுகடத்தும் ஆணை பிறப்பித்தார். பிரேஸ்கேடில் தலைமறைவானார். பொலிசார் தேடிக்கொண்டிருந்த வேளையில், மே 5-இல் காலிமுகத்திடலிற் பெருந்திரளான மக்கள்முன் தோன்றிப் பேசினார். பின்னர் கைதான அவரை உயர்நீதிமன்றம் விடுவித்தது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டப் போராட்டத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். அவ்வாண்டிற் சிறைப்பட்ட சமசமாஜத் தலைவர்கள் 1942 ஏப்ரலில், காவலர் ஒருவரின் துணையோடு கண்டி போகம்பறைச் சிறையிலிருந்து தப்பினர். பின்னர் அவர்கள் கடல் கடந்து இந்தியா சென்றனர்.

இத்துணை மூலப்பொருள் இருந்தும், மலையக நாவல் சாகச வடிவத்தைக் கைக்கொள்ளவில்லை. கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' (1964) புலம்பெயர்ந்து வந்தோரின் துயரைப் பெண்ணொருத்தியின் வாழ்வினூடாகச் சொல்கின்றது. 1981-இல் நூலுருப் பெற்ற சி. வி. வேலுப்பிள்ளையின் 'வீடற்றவன்', தொழிற்சங்கம் அமைக்க முனைந்தவன் இருப்பிடமிழந்து அலைவதைக் காட்டுகின்றது. தி. ஞானசேகரனின் 'குருதிமலை' (1979), தோட்ட நிலம் பறிபோவதற்கு எதிராகத் தொழிலாளர் ஒன்றுதிரள்வதைப் பொருளாகக் கொள்கின்றது. இவை யதார்த்த நெறி நின்றவை. தனிமனித மீட்பனை நம்பாதவை.

இதற்குக் காரணம் முற்போக்கு இலக்கியக் கோட்பாட்டின் செல்வாக்கு மட்டுமன்று. மீட்பு நாவலுக்கு மறுகரை ஒன்று வேண்டும். பிளேக்னி மீட்டவர்களுக்கு ஆங்கிலக் கால்வாயின் அப்பால் டோவர்த் துறைமுகம் இருந்தது. அங்கு அடியெடுத்து வைத்ததும் கதை இனிது முடிகின்றது. மலையகத் தமிழருக்கு அத்தகைய கரை இல்லை. 1948-ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964-இல் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, 1,50,000 பேரைப் பின்னர் தீர்மானிப்பதற்கென ஒதுக்கியது. தலைமன்னாருக்குச் சென்ற புகைவண்டியை மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றனர். ஓர்ட்ஸியின் நாவலில் உயிர் தந்த கப்பல், இங்கு உறவறுக்கும் கப்பலாயிற்று. நாடற்ற நிலைக்குச் சட்டரீதியான முடிவு 2003 வரை தாமதித்தது. இவ்வரலாற்றில் நின்று எழுதியவனுக்கு, கடல் கடத்தலை இன்ப முடிவாக எழுதுதல் எவ்வாறு இயலும்?

எனினும், சாகசத்தை விலக்கியதில் ஓர் இழப்பும் உண்டு. துயரத்தை முதன்மைப்படுத்தியபோது, தொழிலாளர் துன்புறுவோராக மட்டுமே பல விடத்தும் நிலைத்துவிட்டனர். உண்மையில் எல்லை கடத்தலை முதலிற் பயின்றோர் அவர்களே. 1865-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத்தின்கீழ், ஒப்பந்தம் முறித்துத் தோட்டத்தை விட்டோடுதல் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். 1920-களின் தொடக்கம்வரை இந்நிலை நீடித்தது. கடன் தொகை குறித்த துண்டு இன்றி வேறு தோட்டம் ஏற்காது. துண்டு முறை ஒழிந்தது 1921-இலேயே. இவற்றை அறிந்தும், இரவோடிரவாக மலையிறங்கிய குடும்பங்கள் இருந்தன. நாயகன் என்ற பெயரை எவரும் அவர்களுக்கு வழங்கவில்லை.

நடேசய்யர், பிரேஸ்கேடில் ஆகியோரின் கதைகளையும் இந்நோக்கிலேயே மீள வாசித்தல் வேண்டும். அவர்களை மட்டுமே முன்னிறுத்தினால், நாம் எழுதும் வரலாறும் பிம்பர்னல் கதையாகவே முடியும். வெளியிலிருந்து வந்தவர் மீட்பர், உள்ளிருந்தோர் கூட்டம் என்றாகிவிடும். புடைவை மூட்டையோடு வந்தவரிடம் தம் குறை சொன்னவர்களும், அதைத் துரையிடம் காட்டிக்கொடுக்காதவர்களும் இன்றேல் அந்த வேடம் ஒரு நாளும் நிலைத்திராது. அந்த மௌனம் அச்சத்தின் மௌனமன்று, கூட்டுச் செயலின் மௌனமாகும். பிரேஸ்கேடிலுக்கு நாடு முழுதும் அறிந்த பெயரும், நீதிமன்றத் தீர்ப்பும், விடுதலையும் கிடைத்தன. கோவிந்தனுக்குக் கிடைத்தது துப்பாக்கிக் குண்டு.

இலக்கிய வகைகள் எவருக்கும் சாசனமாக எழுதி வைக்கப்பட்டவையல்ல. நிலக்கிழாரின் மகள் புரட்சியை அஞ்சி உருவாக்கிய வடிவத்தை, அதே ஆசிரியரின் வேறொரு கதையோடு தொடர்புடைய நூலொன்றைத் தமிழுக்குத் தந்த தொழிற்சங்கவாதி தம் வாழ்வில் தலைகீழாக்கிக் காட்டினார். அவர் தொடங்கியதை எழுத்தில் நிறைவேற்றும் நாவல், வேடமணிந்து வந்தவரிடமிருந்தன்றி அவருக்கு லயத்துக் கதவைத் திறந்தவரிடமிருந்து கதையைத் தொடங்க வேண்டும். அதற்குத் தேவையான சான்றுகள் பொலிஸ் அறிக்கைகளிலும் தோட்டப் பதிவேடுகளிலும் மட்டுமன்றி, முதியோர் நினைவிலும் வாய்மொழிப் பாடலிலும் உள்ளன. பல்கலைக்கழக ஆய்வாளர் அவற்றைத் தேடித் தொகுத்தல், மலையக மக்களைத் தம் வரலாற்றின் கர்த்தாக்களாக நிலைநிறுத்துதற்கு இன்றியமையாத பணியாகும்.