வித்யா சாகர்

வித்யா சாகர் என்பது சென்னை, கோட்டூர்புரத்தில் இயங்கும் அரசு சாரா அமைப்பாகும். பெருமூளை வாதம் முதலிய குறைபாடுகளையுடைய குழந்தைகளுக்குக் கல்வியும் மறுவாழ்வும் அளிப்பது இதன் நோக்கமாகும். பூனம் நடராஜன் 1985ஆம் ஆண்டில் இதனைத் தொடங்கினார். ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி என்றிருந்த பெயர் பின்னர் மாற்றப்பட்டது.

பின்னணி

கருவிலோ, பிறப்பின்போதோ, பிறந்த சில ஆண்டுகளிலோ வளரும் மூளை சேதமடைவதால் பெருமூளை வாதம் உண்டாகிறது. இச்சேதம் நாளடைவில் பெருகுவதில்லை. முற்றிலும் நீக்கவும் இயலாது. எனினும் இளம் மூளை புதிய நரம்பிணைப்புகளை உருவாக்கிக்கொள்ள வல்லது. எனவே, பயிற்சியை விரைவில் தொடங்குதல் இன்றியமையாதது.

பணிகள்

இயன்முறை மருத்துவம், பேச்சுப் பயிற்சி, சிறப்புக் கல்வி, பெற்றோருக்கான பயிற்சி ஆகியன இங்கு அளிக்கப்படுகின்றன. பேச இயலாத குழந்தைகள் படங்களும் எழுத்துகளும் கொண்ட பலகைகளைச் சுட்டிக்காட்டிக் கருத்துகளை வெளியிடுகின்றனர். பேச்சின்மையை அறிவின்மையாகக் கொள்ளலாகாது என்பதை இம்முறை உணர்த்துகிறது.