கோதுமை மாவும் சீலியாக் நோயும்: ஹாலந்து பஞ்சத்திலிருந்து கும்மிடிப்பூண்டி கேண்டீன் வரை (நீண்ட த்ரெட்)

1/ கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் போயிருக்கீங்களா? ஆந்திர எல்லைக்குச் சற்று முன்னால், ஸ்டீல் ரோலிங் மில்லும் ஃபவுண்டரியுமா இருக்கிற ஊர். பீகார், உத்தரப் பிரதேசம், ஜார்க்கண்ட், ஒடிசா என்று பல மாநிலத் தொழிலாளர்கள் அங்கே வேலை செய்யுறாங்க. அங்கே மளிகைக் கடைகளில் அரிசி மூட்டைக்குப் பக்கத்திலேயே ஆட்டா மூட்டையும் இருக்கும். ஷிஃப்ட் முடியுற நேரத்தில் மெஸ்களில் சப்பாத்தி மாவு பிசையுற வேலை மும்முரமா நடக்கும்.

2/ இந்தத் த்ரெட் அந்த மாவைப் பற்றித்தான். நம்மில் மிகப் பெரும்பாலானோருக்கு கோதுமை நல்ல உணவு. பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் சீலியாக் நோய் இருக்கிற ஒருவருக்கு அதே மாவு குடலை அரிக்கும். அவருக்குக் கிடைத்த வேலையே மாவு பிசைவதாக இருந்தால்? வேலையை விட்டுவிடணுமா? பாதுகாப்பாகச் செய்ய வழி இருக்கா? பதில் சொல்வதற்கு முன், மாவுதான் குற்றவாளி என்று மருத்துவ உலகம் எப்படிக் கண்டுபிடித்தது என்பதைப் பார்த்துடலாம். ஏன்னா பதில் அந்த வரலாற்றுக்குள்ளேதான் இருக்கு.

3/ முதலில் சுருக்கமா, சீலியாக் என்றால் என்ன? கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் க்ளூட்டன் என்ற புரதம் இருக்கு. சப்பாத்தி மாவு இழுத்தால் இழுபடுவதும், பரோட்டா மாவு வீச வீச விரிவதும் இந்தப் புரதத்தால்தான். சிலருக்கு உடலின் எதிர்ப்பு சக்தி இதைப் பார்த்ததும் சொந்தச் சிறுகுடலையே தாக்கும். சிறுகுடலின் உள்சுவரில் சத்தை உறிஞ்சுவதற்காக விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் உறிஞ்சிகள் தட்டையாகிவிடும். அப்புறம் எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது.

4/ நோய் பழசு. சுமார் 1,900 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க மருத்துவர் அரெட்டியஸ், சாப்பிட்டது செரிக்காமல் வெளியேறி ஆள் மெலிந்துபோகும் ஒரு நிலையைப் பற்றி எழுதியிருக்கிறார். வயிறு என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்துதான் சீலியாக் என்ற பெயரும் வந்தது. நோய்க்குப் பெயர் கிடைச்சிடுச்சு. காரணம் தெரிய இன்னும் பல நூற்றாண்டுகள் ஆச்சு.

5/ 1888இல் லண்டன் மருத்துவர் சாமுவேல் கீ, குழந்தைகளிடம் இந்த நோயைத் தெளிவாக விவரித்தார். குணமாவதென்றால் அது உணவால்தான் நடக்கும் என்றும் சொன்னார். அது மிகச் சரி. ஆனால் அவர் போட்ட பத்தியத்தைக் கேளுங்க: அரிசி கூடாது, ஜவ்வரிசி கூடாது, மெல்லிசா வெட்டி ரெண்டு பக்கமும் வறுத்த ரொட்டி கொடுக்கலாம்! நமக்குத் தெரிந்ததற்கு நேர் எதிர். டச்சுக் கடற்சிப்பி (மட்டி) தினமும் சாப்பிட்ட ஒரு குழந்தை நன்றாகத் தேறியதாகவும், சிப்பி சீசன் முடிந்ததும் நோய் திரும்பியதாகவும் குறித்து வைத்திருக்கிறார்.

6/ 1924இல் நியூயார்க்கில் சிட்னி ஹாஸ் வாழைப்பழப் பத்தியத்தைக் கொண்டுவந்தார். ரொட்டி, உருளைக்கிழங்கு, தானியம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வாழைப்பழத்தை முக்கிய உணவாகக் கொடுத்தார். குழந்தைகள் பிழைத்தார்கள். உலகமே வாழைப்பழத்தைக் கொண்டாடியது. பழத்தில் மருந்து எதுவும் இல்லை. ரொட்டியை நிறுத்தினாரே, அதுதான் மருந்து. அது அப்போது யாருக்கும் பிடிபடவில்லை.

7/ பிடித்தவர் ஹாலந்துக்காரர். பெயர் வில்லெம் கரேல் டிக்கே. ஹேக் நகரில் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் பணியாற்றியவர். 1930களில் ஒரு தாய், ரொட்டியை நிறுத்தியதும் தன் பிள்ளையின் உடல்நிலை தேறியதாகச் சொன்னது அவர் கவனத்துக்கு வந்தது. அம்மா சொல்றதை அலட்சியப்படுத்தாத டாக்டர். கோதுமை இல்லாத உணவைக் கொடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். 1941இல் அதைப் பற்றி எழுதியும் இருந்தார்.

8/ பிறகு வந்தது 1944-45 குளிர்காலம். ஜெர்மன் ஆக்கிரமிப்பில் இருந்த ஹாலந்தின் மேற்குப் பகுதிக்கு உணவு வருவது அடைபட்டது. மக்கள் டூலிப் கிழங்கை வேகவைத்துச் சாப்பிட்டார்கள். சுமார் 20 ஆயிரம் பேர் இறந்தார்கள். ஊரே மெலிந்த அந்தப் பஞ்சத்தில், சீலியாக் குழந்தைகள் மட்டும் மோசமாகவில்லை. போர் முடிந்து ரொட்டி திரும்ப வந்ததும் அவர்களுக்கு நோயும் திரும்ப வந்தது. டிக்கேவின் சந்தேகம் உறுதியானது.

9/ இங்கே ஒரு விஷயம் கவனிங்க. பஞ்சம்தான் சீலியாக்கைக் கண்டுபிடித்தது என்று பல இடங்களில் எழுதுறாங்க. அது பாதிக் கதை. சந்தேகம் முன்பே இருந்தது. பஞ்சம் அதை ஊர் அளவில் சோதித்துக் காட்டியது. டிக்கே அதோடு நிற்காமல், குழந்தைகளுக்குக் கோதுமையைக் கொடுத்தும் நிறுத்தியும் மலத்தில் வெளியேறும் கொழுப்பை அளந்து, 1950இல் ஆய்வேடாகச் சமர்ப்பித்தார். 1952இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் சார்லட் ஆண்டர்சன் குழுவினர் மாவிலிருந்து மாவுச்சத்தையும் க்ளூட்டனையும் பிரித்துப் பார்த்து, கெடுதல் செய்வது க்ளூட்டன்தான் என்று காட்டினார்கள்.

10/ அடுத்த படிகளை வேகமாகச் சொல்லிடறேன். 1950களின் நடுவில் அறுவை செய்யாமல் சிறுகுடலில் இருந்து துளி சதை எடுத்துப் பார்க்கும் வழி வந்தது. 1997இல் ஜெர்மனியில், நோயாளியின் எதிர்ப்பணுக்கள் டிஷ்யூ டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்ற நொதியைத் தாக்குகின்றன என்று கண்டுபிடித்தார்கள். இன்று நாம் எழுதிக்கொடுக்கும் டிடிஜி ரத்தப் பரிசோதனை அதிலிருந்து வந்ததுதான்.

11/ சரி, இந்தியாவில்? இது வெள்ளைக்காரர் நோய் என்றுதான் நீண்ட காலம் பாடம். 1966இல் வட இந்தியக் குழந்தைகளிடம் சீலியாக் இருப்பதாக டெல்லி மருத்துவர்கள் எழுதினார்கள். 1973இல் பர்மிங்ஹாம் மருத்துவர்கள், அங்கே குடியேறிய ஆசியக் குடும்பங்களின் குழந்தைகளிடமும் பார்த்தார்கள்.

12/ தமிழ்நாட்டு மருத்துவர்கள் ஏன் இதை அதிகம் நினைக்கவில்லை? ரெண்டு காரணம். ஒன்று, நம் தட்டில் சோறு. ரெண்டு, வேலூர் வட்டாரத்தில் 1960களில் கொள்ளைநோய் போலப் பரவிய ட்ராபிகல் ஸ்ப்ரூ. அதிலும் வயிற்றுப்போக்கு, எடை குறைவு, குடல் உறிஞ்சிகள் தேய்வது எல்லாம் உண்டு. வேலூர் சி.எம்.சி. அதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தது. அதனால் இங்கே தேய்ந்த குடலைப் பார்த்ததும் முதலில் ஸ்ப்ரூதான் நினைவுக்கு வரும்.

13/ ஆனால் கோதுமை மெல்ல உள்ளே வந்துகொண்டே இருந்தது. அமெரிக்காவுடன் 1956இல் போட்ட பி.எல். 480 ஒப்பந்தக் கோதுமை, 1960களின் அரிசித் தட்டுப்பாட்டில் ரேஷன் கடை வரை வந்தது. உங்க வீட்டுப் பெரியவங்களைக் கேளுங்க, சொல்வாங்க. ரவை உப்புமா, பூரி, பரோட்டா, ராத்திரிக்குச் சப்பாத்தி என்று இப்போது அது நம் வீட்டு உணவு.

14/ 2016இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு. 23,331 பேரைப் பரிசோதித்தார்கள். சீலியாக் நோய் வட இந்தியாவில் ஆயிரத்துக்கு 8.53 பேருக்கு. தென்னிந்தியாவில் ஆயிரத்துக்கு 0.11, அதாவது பத்தாயிரத்தில் ஒருவர். ஆனால் நோய்க்கு வேண்டிய மரபணு வடக்கே 38.1 சதவீதம் பேருக்கு, தெற்கே 36.4 சதவீதம் பேருக்கு. கிட்டத்தட்ட சமம்! வேறுபாடு தட்டில் இருந்தது. ஒரு நாள் கோதுமை வடக்கே 455 கிராம், தெற்கே 25 கிராம்.

15/ மரபணு மட்டும் இருந்தால் நோய் வந்துவிடாது. அது இருப்பவர்களில் சிறு பங்கினருக்குத்தான் வரும். ஆனாலும் இந்தக் கணக்கைக் கும்மிடிப்பூண்டிக்குப் பொருத்திப் பாருங்க. நோய் அதிகமுள்ள பகுதிகளில் இருந்து வந்த இளைஞர்கள், நோயை அதிகம் பார்த்திராத மருத்துவர்களிடம் வருகிறார்கள். "சாப்பாடு ஒத்துக்கல", "தண்ணி மாறிடுச்சு", "வெயில்ல வேலை" என்று சொல்லி அனுப்பிவிடுவது எளிது. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் ஏறாத ரத்தம், விடாத வயிற்றுப்போக்கு, குறையும் எடை, திரும்பத் திரும்ப வரும் வாய்ப்புண் இருந்தால் ஒரு டிடிஜி பாருங்க. வேலூர்க்காரரோ பாட்னாக்காரரோ, யாராக இருந்தாலும்.

16/ இப்போ வேலைக்கு வருவோம். மாவுத் தூசி தொழிலாளியைப் பாதிக்கும் என்பது புதிய செய்தி இல்லை. 1700இலேயே இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி, ரொட்டி சுடுபவர்களும் மாவு அரைப்பவர்களும் தூசியால் இருமி, குரல் கம்மி, மூச்சுத் திணறுவதை எழுதினார். அது பேக்கரிக்காரர் ஆஸ்துமா. அது ஒவ்வாமை. சீலியாக் வேறு. ரெண்டையும் குழப்பிக்க வேண்டாம்.

17/ சீலியாக்கிலும் தூசிக்குப் பங்கு உண்டா? 2007இல் அயர்லாந்தில் இருந்து ரெண்டு விவசாயிகளின் கதை வந்தது. ரெண்டு பேரும் பத்தியம் சரியாக இருந்தும் குடல் ஆறவில்லை. விசாரித்தால், மூடிய கொட்டகையில் மாட்டுக்குத் தீவனம் கலக்கிறார்கள். அதில் கோதுமை, பார்லித் தூசி. அந்தத் தூசியைத் தவிர்த்ததும் தேறினார்கள். காற்றில் வரும் மாவு மூக்கிலும் தொண்டையிலும் ஒட்டி, எச்சிலோடு வயிற்றுக்குப் போகிறது. கதை அவ்வளவுதான். தோல் வழியாக க்ளூட்டன் உள்ளே போய்க் குடலைக் கெடுக்காது. கையில் மாவு பட்டாலே ஆபத்து என்று பயப்பட வேண்டாம். அந்தக் கை வாய்க்குப் போகக் கூடாது.

18/ எவ்வளவு போனால் கெடுதல்? தினம் 50 மில்லிகிராம் க்ளூட்டன் மூன்று மாதம் போனாலே குடலில் சேதம் தெரிந்தது என்று 2007இல் இத்தாலிய ஆய்வு காட்டியது. ஒரு கிராம் கோதுமை மாவில் தோராயமாக 80 மில்லிகிராம் க்ளூட்டன். அப்படியானால் 50 மில்லிகிராம் என்பது ஒரு சிட்டிகை மாவு. மூடிய அறையில் மூட்டை மூட்டையாக மாவு கொட்டுகிறவருக்கு அது பெரிய அளவே இல்லை.

19/ அதனால் என் முதல் ஆலோசனை: முடிந்தால் அதே இடத்தில் வேறு வேலை. காய்கறி, சோறு, பரிமாறுவது, ஸ்டோர், கல்லா. குறிப்பா நோய் தெரிந்த முதல் சில மாதங்கள், குடல் ஆறும் வரை.

20/ அது முடியாது, மாவு வேலைதான் சோறு போடுது என்றால்:
• மூட்டையை உயரத்தில் இருந்து கொட்டாதீங்க. பாத்திரத்தோடு ஒட்டி மெதுவாச் சரிங்க. தண்ணீர் பட்ட மாவு பறக்காது.
• மாவு கொட்டும்போதும் சலிக்கும்போதும் முகத்தில் இடைவெளி இல்லாமல் பொருந்தும் என்95 மாஸ்க். ஜன்னலைத் திறந்து வைங்க.
• பெருக்காதீங்க, ஈரத்துணியால் துடைங்க.
• மாவு அறையில் டீ, தண்ணீர், வெற்றிலை, பீடி எதுவும் வேண்டாம். தண்ணீர் பாட்டில் மூடியோடு வெளியே இருக்கட்டும்.
• சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை, நக இடுக்கு, முகம் கழுவுங்க. சானிடைசர் மாவை நீக்காது.
• உப்பு பார்க்க மாவை நாக்கில் வைக்காதீங்க. அதை இன்னொருத்தர் செய்யட்டும்.
• வேலை முடிந்ததும் சட்டையை மாற்றுங்க.

21/ நம்ம ஊர் சமையலில் மறைந்திருக்கும் கோதுமையையும் சொல்லணும். இட்லி, தோசை, சோறு, கேழ்வரகு, கம்பு எல்லாம் இயல்பாகவே க்ளூட்டன் இல்லாதவை. சீலியாக்காரருக்குத் தமிழ்நாடு நல்ல ஊர். ஆனால் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். சாம்பார், ரசத்துக்குள் அப்படித்தான் நுழையும். லேபிளைப் படிங்க. மாவு மில்லில் கோதுமை அரைத்த அதே இயந்திரத்தில் அரிசி அரைக்காதீங்க. சப்பாத்தி போட்ட கல்லில் தோசை வேண்டாம். பூரி சுட்ட எண்ணெயில் வடை வேண்டாம். சத்துபானப் பொடிகளில் கோதுமையோ பார்லி மால்ட்டோ இருக்கா என்று பாருங்க. பாக்கெட்டில் 'க்ளூட்டன் இல்லாதது' என்று போட இந்தியாவில் வரம்பு கிலோவுக்கு 20 மில்லிகிராம்.

22/ மிக முக்கியம்: இதைப் படித்துவிட்டு, பரிசோதனைக்கு முன்னாலேயே கோதுமையை நிறுத்திடாதீங்க. நிறுத்தினால் ரத்தத்தில் எதிர்ப்பணு குறைந்து, நோய் இருந்தும் இல்லாதது போல ரிசல்ட் வரும். கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் எண்டோஸ்கோபியில் சதைப் பரிசோதனை. உறுதியான பிறகு வாழ்நாள் முழுக்கப் பத்தியம். இன்று வரை வேறு மருந்து இல்லை.

23/ மாவு வேலையைத் தொடர்பவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை டிடிஜி பாருங்க. அளவு இறங்கிக்கொண்டே வந்தால் உங்க முன்னெச்சரிக்கை வேலை செய்யுது. பத்தியம் சரியாக இருந்தும் இறங்கவில்லை என்றால், அந்த அயர்லாந்து விவசாயிகள் மாதிரி, வேலை செய்யும் இடத்தைச் சந்தேகப்படுங்க.

24/ மெஸ் நடத்துறவங்களுக்கும் கான்ட்ராக்டர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒருத்தர் "எனக்குக் கோதுமை ஆகாது, டாக்டர் சொல்லியிருக்கார்" என்று வந்தால் சாக்கு சொல்றார் என்று நினைக்காதீங்க. சோறு வடிக்கிற பக்கம் மாற்றிவிடுங்க. அவருக்குத் தனித் தட்டு, தனிக் கரண்டி போதும். ஒரு நல்ல வேலைக்காரரை இழக்க வேண்டியதில்லை.

25/ டிக்கே 1962இல் காலமானார். ஒரு தாய் சொன்னதைக் கேட்டு, அளந்து பார்த்து, நிரூபித்தார். அதே மாதிரி கேட்கிற காதுதான் இப்போ நமக்கும் வேணும். உங்க பக்கத்து லைன் வீட்டில், உங்க ஷிஃப்டில், காரணமில்லாமல் மெலிந்துகொண்டே போகும் வட மாநிலத் தம்பி யாராவது இருந்தால், இதை இந்தியில் எடுத்துச் சொல்லுங்க. டாக்டரிடம் போகும்போது டிடிஜி பற்றிக் கேட்கச் சொல்லுங்க. கேள்விகளைக் கீழே போடுங்க, நேரம் கிடைக்கும்போது பதில் சொல்றேன்.