இல்லத்திற்குள் வந்த குடில்

கிறிஸ்து பிறப்பு விழா நெருங்குகையில் நம் குடும்பங்களில் இரண்டு கவலைகள் எழுகின்றன. வீட்டை எவ்வாறு அலங்கரிப்பது என்பது ஒன்று. வருவோர்க்கு என்ன படைப்பது என்பது மற்றொன்று. இவ்விரண்டும் சேர்ந்து எத்தனையோ குடும்பத் தலைவர்களை வட்டிக்குக் கடன் வாங்க வைப்பதைப் பங்குப் பணியில் இருக்கும் நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். கையில் பணமில்லாத சிலர், விருந்தினரை எதிர்கொள்ள நாணி, விழா நாளன்று கதவைச் சாத்திக்கொள்வதும் உண்டு. குடிலும் விருந்தும் இல்லங்களுக்குள் வந்த வரலாறு இவர்களுக்குச் சிறிது ஆறுதல் தரக்கூடும்.

1223-ஆம் ஆண்டு இத்தாலியின் கிரெச்சோ என்னும் மலையூரில் அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் அமைத்த குடிலை அறியாதார் இலர். அதில் சுரூபம் ஒன்றுகூட இல்லை என்பதைத்தான் பலர் அறியார். தீவனத்தொட்டி, வைக்கோல், ஒரு காளை, ஒரு கழுதை, அவ்வளவே. ஊர் மக்கள் பந்தங்களையும் மெழுகுதிரிகளையும் ஏந்தி வந்தனர், திருப்பலி நிறைவேறியது, திருத்தொண்டராயிருந்த பிரான்சிஸ் நற்செய்தியைப் பாடினார். அவர் வரலாற்றை எழுதிய செலானோ ஊர்த் தோமா இன்னொன்றும் கூறுகிறார். இவ்விழாவன்று செல்வர் ஏழைகளுக்கு வயிறார உணவளிக்க வேண்டும், மாடுகளுக்கும் கழுதைகளுக்கும் வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தீவனம் இட வேண்டும் என்பது பிரான்சிஸின் விருப்பமாம். விருந்தினர் பட்டியலில் கால்நடைகளையும் சேர்த்தவர் அவர்!

பின்வந்த நூற்றாண்டுகளில் குடில் பெரும்பாலும் ஆலயங்களிலும் துறவு மடங்களிலும் செல்வர் மாளிகைகளிலும் விலையுயர்ந்த சுரூபங்களுடன் வளர்ந்தது. எளியோர் இல்லத்திற்குள் அது நுழைந்ததற்கு ஒரு துன்பமும் காரணமாயிற்று. 1789-இல் தொடங்கிய பிரெஞ்சுப் புரட்சியின் கொடிய ஆண்டுகளில் ஆலயங்கள் மூடப்பட்டன. நள்ளிரவுத் திருப்பலி நின்றது. பிரான்சின் தென்பகுதியான புரொவான்சில் மக்கள் தத்தம் வீடுகளுக்குள்ளேயே சிறு குடில்களை அமைக்கலாயினர். மார்செய் நகரில் 1764-இல் பிறந்த ழான் லூயி லாஞெல் என்னும் கலைஞர், அச்சுகளில் களிமண்ணை அழுத்திச் சின்னஞ்சிறு பொம்மைகளைச் செய்தார். அச்சில் வார்த்தமையால் விலை குறைந்தது. ஏழையும் வாங்க முடிந்தது. ‘சின்னப் புனிதர்’ எனப் பொருள்படும் ‘சாந்தோன்’ என்ற பெயர் இப்பொம்மைகளுக்கு நிலைத்தது. இவற்றிற்கென்றே 1803-இல் மார்செய் நகரில் ஒரு சந்தை கூடியது.

இப்பொம்மைகளுள் இடையரும் ஞானிகளும் மட்டும் இல்லை. மீன்காரி, ரொட்டி சுடுபவன், கத்தி சாணை பிடிப்பவன், பூண்டு விற்பவள் என ஊரே திரண்டு வருகிறது. ஒவ்வொருவர் கையிலும் அவரவர் தொழிலின் பொருள் ஒன்று காணிக்கையாக இருக்கும். அவர்களிடையே ‘ராவி’ என்றொருவன் நிற்கிறான். ஊரார் பேதை என்று எள்ளும் எளியவன். கொண்டுவர அவனிடம் எதுவுமில்லை. இரு கைகளையும் உயர்த்தி வியந்து நிற்பதே அவன் வேலை. அவனின்றி அங்கே குடில் நிறைவு பெறுவதில்லை. மின்விளக்குச் சரங்களால் மூச்சுமுட்டும் நம் குடில்களில் இப்படி ஒருவனுக்கு இடமிருக்குமா என்று நாம் ஐயுறுவதுண்டு.

அதே புரொவான்சின் விழா மேசையும் நாம் நோக்கத்தக்கது. மூவொரு கடவுளின் நினைவாக மேசைமேல் மூன்று வெள்ளை விரிப்புகள், மூன்று மெழுகுதிரிகள், புனித பார்பராவின் நாளாகிய டிசம்பர் 4-இல் சிறு தட்டுகளில் விதைத்து முளைத்த பசுங்கோதுமை. வேறு அலங்காரம் வேண்டுவதில்லை. நள்ளிரவுத் திருப்பலிக்கு முன் உண்ணும் உணவில் புலால் கிடையாது. கீரையும் காய்களும் மீனுமே. பின்னர் வரும் பதின்மூன்று இனிப்புகள், ஆண்டவரையும் பன்னிரு திருத்தூதரையும் குறிக்கின்றன. இந்த எண்ணிக்கை 20-ஆம் நூற்றாண்டில்தான் உறுதிப்பட்டது. பழவகைகளைப் படைக்கும் வழக்கமோ மிகப் பழையது. பதின்மூன்று இனிப்புகள் என்றதும் இல்லத்தரசியர் அஞ்ச வேண்டா. உலர்ந்த திராட்சை, அத்தி, வாதுமை, கொட்டைகள், புதிய பழங்கள் என அவற்றுட் பெரும்பாலானவை அடுப்பேறாதவை. ஆலிவ் எண்ணெய் சேர்த்த ரொட்டி ஒன்று உண்டு. அதைக் கத்தியால் அறுக்காமல், ஆண்டவர் பிட்டதுபோல் கையால் பிட்டே பகிர்வர். வழிப்போக்கனாய் வரக்கூடிய ஏழைக்கென ஓர் இருக்கையும் தட்டும் காத்திருக்கும்.

நம் இல்லங்களிலும் இது இயலாததன்று. வேர்க்கடலையும் வெல்லமும் பேரீச்சையும் வாழைப்பழமும் எள்ளுருண்டையும் வாழையிலையில் வைத்தாலே விருந்துதான். முறுக்கும் அதிரசமும் செய்ய விரும்புவோர் நான்கு நாள் முன்பே செய்து டப்பாவில் அடைத்துவிட்டால், விழாவன்று வந்தவரோடு அமர்ந்து பேச நேரம் கிடைக்கும். சமையலறையிலேயே அடைபட்டு, வந்தவர் முகத்தைக்கூடப் பாராத தாய்மார் நம் பங்குகளில் எத்தனை பேர்!

புரொவான்சின் கோதுமைக்கு ஈடாக நம்மிடம் கேழ்வரகு இருக்கிறது. குடிலுக்குப் பசுமை சேர்க்க அதை விதைக்கும் வழக்கம் நம் ஊர்களில் முன்பே உண்டு. ஓர் இரவு ஊறவைத்து, அகன்ற தட்டில் மண் பரப்பி, விழாவுக்குப் பத்து நாள் முன்னதாகத் தூவி, அளவாய்த் தண்ணீர் தெளித்துவந்தால் போதும். சிறுவரிடம் இப்பொறுப்பைக் கொடுத்துவிடலாம். திருக்காட்சி விழா முடிந்து குடிலைக் கலைக்கும்போது அந்தப் பசும்பயிரை அண்டை வீட்டு ஆட்டுக்குப் போடலாம். பிரான்சிஸ் கேட்டதும் அதுவே.